குளிர் அறையின் தாழ்ப்பாள்

உங்கள் அறை ஏசி தண்ணீர் சொட்டுகிறது, ஐயா. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே ஒரு பழைய நெய் டப்பாவை வைத்திருக்கிறீர்கள். டப்பா நிறைந்தால் யாரோ எடுத்துப்போய்க் கொட்டுவார், திரும்பக் கொண்டுவந்து வைப்பார். இந்தக் கட்டடத்தில் இத்தனை பேர் துப்பாக்கியோடு நடமாடுகிறார்கள். ஒருவருக்கும் அந்த வடிகால் குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்கத் தோன்றவில்லை. அடைப்பு அங்கேதான் இருக்கும். கொஞ்சம் வினிகர் ஊற்றி, சற்றுப் பொறுத்து வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் பாசி கழன்று வந்துவிடும். சின்னக் குழந்தையும் செய்யும் வேலை.

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், சிகரெட் புகை போக வேண்டும் என்று. அதே நேரத்தில் ரிமோட்டில் பதினாறு. பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கும் மனிதர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். என் தம்பி மனைவி ரஃபலும் அப்படித்தான் நினைத்தாள். அது கழுதை அல்ல, இன்னும் ஓர் அடி போட்டால் வேகமாக ஓடுவதற்கு. இருபத்துநான்கில் வைத்துக் கதவைச் சாத்தினால், பஸ்ராவின் ஆகஸ்டிலும் அறை குளிரும். ஆனால் கதவைச் சாத்த வேண்டும். அதைப் பற்றித்தான் நீங்களும் கேட்கிறீர்கள். வருகிறேன்.

என் பெயர் சபரிய்யா என்று எழுதிக்கொண்டிருக்கிறார் உங்கள் எழுத்தர். சரியாகத்தான் எழுதுகிறார். இந்த அறையில் சரியாக நடப்பது அது ஒன்றுதான்.

என் தகப்பனார் அஷார் கடைத்தெருவில் ஏசியும் ஃபிரிட்ஜும் பழுதுபார்த்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான்தான் டார்ச் பிடிப்பேன், ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், காயிலைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவேன். பிறகு பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டேன். என் தம்பி மிக்தாதுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. கையில் கிரீஸ் பட்டால் அழுவான். அம்மா அவனைப் பெற்றதோடு படுத்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவனுக்குப் பால் காய்ச்சியதும், ஜுரம் பார்த்ததும், துறைமுகத்தில் வேலை கிடைத்தபோது சட்டை தேய்த்துக் கொடுத்ததும் நான். என்னைப் பெண் கேட்டும் வந்தார்கள். வந்தவர்களை நான் பார்த்தேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டு நிலவரம் உங்கள் வீட்டு நிலவரம்தான், ஐயா. அரசு மின்சாரம் வரும், போகும். போனதும் தெரு ஜெனரேட்டர். வீட்டுக்கு இவ்வளவு ஆம்பியர் என்று பங்கு. எங்கள் பங்கில் ஒரு ஏசிதான் ஓடும். ஆகவே கோடையில் வீட்டுக்கு ஓர் அறைதான் உண்டு. மற்ற அறைகளெல்லாம் அடுப்புகள். குளிர் அறையில் எல்லோருடைய மெத்தையையும் தரையில் விரித்து, எல்லோரும் அங்கேயே கிடப்பார்கள். ஒரு வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்று அறிய வேண்டுமானால் யாரையும் கேட்கத் தேவையில்லை. கோடையில் குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்து, எவருடைய மெத்தை எங்கே கிடக்கிறது என்று கவனித்தால் போதும்.

என் மெத்தை ஏசிக்கு நேர் எதிர்ச் சுவரோரம் கிடந்தது. அறையிலேயே நல்ல இடம் அது. காற்று வந்து விழும், தலையில் அடிக்காது. அந்த இடத்தை எனக்கு யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தியவள் நான். மண்காற்று அடித்த மறுநாள் மாடிக்கு ஏறி வெளி யூனிட்டின் உப்பையும் புழுதியையும் கழுவியவள் நான். ஜெனரேட்டர் லைன் மாறும்போது ஏசியை உடனே போடக்கூடாது, கம்ப்ரஸர் மூச்சு வாங்கட்டும் என்று அணைத்து வைத்துக் காத்திருந்தவளும் நான். அந்த ஏசி என் அப்பா போனபிறகும் அவர் போட்ட கம்பியிலேயே ஓடிக்கொண்டிருந்தது, நான் கவனித்துக்கொண்டதால்.

பிறகு மிக்தாத் ரஃபலைக் கட்டிக்கொண்டு வந்தான்.

அவள் கைபேசிக் கடையில் வேலை பார்த்தவள். நகங்கள் நீளம். சிரிப்பு அதைவிட நீளம். வந்த கோடையின் முதல் புழுக்கத்திலேயே மிக்தாத் என் எதிரே வந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்கா, உன் மெத்தையைக் கொஞ்ச நாளைக்கு ஹாலுக்கு மாத்திக்கிறியா? புதுசா கல்யாணம் ஆனவங்க... உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

ரஃபல் கதவருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அக்கா, நீங்க வாயைத் திறந்தாலே போதும், வீடே ஜில்லுன்னு ஆயிடுது. ஏசி எதுக்கு?"

மெத்தையை நானே சுருட்டி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அங்கே தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் உண்டு. வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆகஸ்டில் வளைகுடாப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துவிட்டால், வேகவைத்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மூச்சு விடுவதுபோல இருக்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் முறையிட்டதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். வெக்கை எனக்கு ஒரு பொருட்டே அல்ல. வெக்கைக்காக ஒருத்தி எதையும் செய்யமாட்டாள்.

என்னை உறுத்தியது ஒழுங்கின்மை. ரஃபல் அந்த அறைக்குள் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணிப் புகை காயிலில் போய்ப் பிசின்போல ஒட்டும். ஈரத் துணியை ஏசியின் மூக்கிலேயே தொங்கவிட்டாள். முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அதன் முன்னால் நின்று அடித்தாள். கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு தன் அம்மாவிடம் ஃபோனில் பேசினாள். "எனக்கு மாமியார் இல்லைன்னு எல்லாரும் பொறாமைப்பட்டாங்க இல்லம்மா, மாமியாருக்குப் பதிலா ஒரு ஏசி மெக்கானிக்கைக் குடுத்துட்டாரு ஆண்டவன்." நான் ஹாலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஏணியை எடுத்துக்கொண்டு ஃபில்டர் கழற்றப் போனேன். அவள் படுக்கையில் கிடந்தபடி கையை ஆட்டினாள்.

"விடுங்க அக்கா, என் கண்ணு இல்ல. அது ஒரு மெஷினு. நீங்க அதுக்குத் தலை சீவி மை தீட்டாததுதான் பாக்கி."

மிக்தாதும் சிரித்தான். நான் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் முதலில் சிரித்தான்.

அதற்குப் பிறகு நான் ஏணியைத் தொடவில்லை. சொல்லப்போனால் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. கதவைத் தட்டிவிட்டு, தேநீர்த் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். என் தகப்பனார் கட்டிய வீட்டில் என் கையால் துடைத்த கதவை நான் தட்டினேன்.

அந்தக் கதவைப் பற்றி. அது ஈரக்காற்றில் உப்பிப்போகும். உள்ளேயிருந்து சாத்தினால் பொருந்தாது, விரலளவு இடைவெளி விட்டு நின்றுவிடும். குளிரெல்லாம் அந்த இடுக்கு வழியே ஹாலுக்கு ஓடிவரும். முன்பு அப்பா அந்த அறையில் கேஸ் சிலிண்டர்களும் பழைய கம்ப்ரஸர்களும் வைத்திருந்தார். அதனால் கதவுக்கு வெளிப்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. வெளியிலிருந்து கதவை இழுத்து அதைப் போட்டால் இடுக்கில்லாமல் மூடும். நான் உள்ளே படுத்த காலத்தில் ஒரு துண்டை மடித்து இடுக்கில் செருகிவிடுவோம். ரஃபலுக்கு அந்தத் துண்டைச் செருகச் சோம்பல்.

"அக்கா, வெளியேருந்து தாழ்ப்பாளைப் போட்டுடுங்க, குளிரு ஓடிப்போவுது. எந்திரிச்சதும் தட்டுறோம், தெறந்து விடுங்க."

முதலில் கேலியாகத்தான் சொன்னாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர்கள் உள்ளே போனதும் நான் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போடுவேன். ஒரு போர்வையை நனைத்துப் பிழிந்து, உருட்டி, கதவின் அடியில் வைப்பேன். ஜன்னலைக் குளிர் போகாமலிருக்க மிக்தாத் தெர்மகோல் பலகை வைத்து அடைத்திருந்தான். அதற்கு வெளியே திருடனுக்காகப் போட்ட இரும்புக் கம்பிகள். நல்ல குளிர் அறை. ஒரு பொட்டுக் காற்று வெளியே வராது. அவர்கள் தூங்கி எழுந்து தட்டுவார்கள். ரஃபல் மோதிரத்தால் தட்டுவாள். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நான் போய்த் திறப்பேன்.

ஃபில்டர் கழுவாத ஏசிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, மேலே பார்த்தாலே தெரிகிறது. மூச்சு முட்டும். ஓய்வில்லாமல் ஓடும். கரண்டைக் கூடுதலாக இழுக்கும். அப்போது பிரேக்கர் விழும். பிரேக்கர் விழுவது குற்றமல்ல, அதுதான் அதன் வேலை. அது ஏசிக்குக் காவல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அது சுவருக்குள் போகும் கம்பிக்குக் காவல். கம்பி தாங்குகிற அளவுக்குப் பிரேக்கர் போட வேண்டும். தாங்காத கம்பிக்குப் பெரிய பிரேக்கர் போடுவது, காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

மிக்தாத் வீட்டில் இருந்த ஒவ்வொரு மத்தியானமும் வேர்த்துக் கொட்டக் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி, வெளியே வந்து பிரேக்கரைத் தூக்கிவிட்டுப் போனான். ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டினால் தீர்ந்துபோகும் விஷயம். அது அவனுக்குத் தோன்றவில்லை. அவன் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் அபூ விஸாமைக் கூட்டிவந்தான். நான் அவர்களுக்கு உலர்ந்த எலுமிச்சை போட்ட தேநீர் கொண்டுபோனேன். பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

"ஆம்பியர் கூட்டிக் குடுத்துட்டேன்டா மிக்தாத். ஆனா பெரிய பிரேக்கர் கேக்குறியே, உள்ள ஓடுற கம்பி உங்கப்பா காலத்துது. மெல்லிசு. எர்த்தும் கிடையாது. மொதல்ல கம்பிய மாத்து."

"வெள்ளிக்கிழமை மாத்திடறேன், சத்தியமா."

"எந்த வெள்ளிக்கிழமை? என் மவன் கல்யாணத்து வெள்ளிக்கிழமையா? அவனுக்கு இன்னும் பல்லே மொளைக்கல."

"வர்ற வெள்ளிக்கிழமைங்கிறேன்ல. இப்ப மாட்டிக் குடு சித்தப்பா, உள்ள ஒருத்தி வெந்துக்கிட்டிருக்கா."

அபூ விஸாம் தேநீரை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீயாவது சொல்லேம்மா. உங்கப்பன் கூடவே கெடந்தவ. உனக்குத் தெரியாததா?"

"வீட்டுக்காரன் அவன்" என்றேன். "அவன் சொன்னா சரி."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதுவரை அந்த வீட்டில் நான் அப்படிச் சொன்னதில்லை. மிக்தாதுக்கு அதில் சந்தோஷம். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது என் பின்னாலேயே வந்து கண்ணடித்தான். "ஆம்பியர் கூட்டுனது சும்மா இல்லக்கா. அப்புறம் சொல்றேன்." தாடி வைத்த ஆண்பிள்ளை அக்காவைப் பார்த்துக் கண்ணடிப்பது. ரஃபலுக்கு இன்னொரு முடி உலர்த்தும் இயந்திரமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மிக்தாத் தன்னோடு வேலை பார்க்கும் சாசிபுடன் ஷத் ஆற்றில் மீன் பிடிக்கப் போனான். அடுத்த வெள்ளிக்கிழமை ரஃபலின் அம்மா வீட்டு விருந்து. கம்பி அப்படியே இருந்தது. அபூ விஸாம் மாட்டிவிட்டுப் போன பெரிய பிரேக்கர் விழவே இல்லை. ரஃபல் ஏசியைப் பதினாறிலிருந்து ஏற்றவே இல்லை, அதற்குக் கீழே எண் இல்லாததால் மட்டும் அதோடு விட்டாள். "பாத்தீங்களா அக்கா, ஒண்ணும் ஆகல. நீங்க சும்மா மெரட்டுறீங்க" என்றாள். நான் எதைச் சொல்லியும் அவளை மிரட்டியதில்லை. நான் பேசுவதையே நிறுத்தியிருந்தேன்.

ஆனால் கவனிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கம்பி ஹால் சுவருக்குள்ளேதான் போகிறது. மத்தியானங்களில் தாழ்ப்பாள் போட்டபிறகு நான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், குழந்தைக்கு நெற்றியில் ஜுரம் பார்ப்பதுபோல. முதலில் இளஞ்சூடு. பிறகு கையை நெடுநேரம் வைக்க முடியாத சூடு. சுண்ணாம்பு ஓரிடத்தில் பழுப்பேறியது. பிளாஸ்டிக் வேகும் வாசனை. அந்த வாசனை எப்படியிருக்கும் என்று அப்பா எனக்குக் கருகின சுருள்களை மோந்து காட்டியே பழக்கியிருந்தார். மிக்தாதுக்கும் மூக்கு இருக்கிறது. ரஃபலுக்கும் இருக்கிறது. அவள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டாள்.

நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அபூ விஸாம் சொன்னான். பிரேக்கர் அத்தனை நாள் விழுந்து விழுந்து சொன்னது. சுவர் சொன்னது. கேட்காதவர்களிடம் இன்னொரு முறை சொல்வதற்கு நான் யார்? ஏசி மெக்கானிக்.

அன்று நடந்ததை முன்பே ஒருவரிடம் சொன்னேன், உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரியிடம். சாப்பாடு முடிந்ததும் ரஃபல் தனியாகக் குளிர் அறைக்குப் போனாள். கதவை அவளே சாத்திக்கொண்டாள். மிக்தாதுக்கு அன்று பகல் ஷிஃப்ட், துறைமுகத்தில் வேலையில் இருந்தான் என்று நினைத்தேன். நான் துணி காயப்போட மாடிக்குப் போனேன். புகையைப் பார்த்து இறங்கி ஓடிவந்து கத்தினேன். பக்கத்து வீட்டு உம்மு கைதா வந்தாள், தெரு வந்தது, தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. கடைசியில் உள்ளேயிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். அவன் எப்போது வீட்டுக்கு வந்தான் என்றே எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அந்த அதிகாரி மின் கோளாறு என்று எழுதினார், தேநீர் குடித்தார், என் தலையில் கைவைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுதியது சரிதான். அது மின் கோளாறுதான்.

துக்கப் பந்தலில் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி அரசாங்கத்தைத் திட்டினாள். ஒருத்தி ஜெனரேட்டர்காரனைத் திட்டினாள். ஒருத்தி, புதுத் தம்பதிமேல் கண் பட்டுவிட்டது என்றாள். ரஃபலின் அம்மா சுவரில் தலையை மோதினாள், அவளை நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை வாய் பேசியதில் ஒரு வாயும் கம்பி என்ற சொல்லைச் சொல்லவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய் அதே மாதிரிக் கம்பியில் அதே மாதிரிப் பிரேக்கரைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

இப்போது நீங்கள் செருப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

சாசிப் உங்களிடம் வந்து சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அன்று மிக்தாதுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. சாசிப்தான் காரில் கொண்டுவந்து விட்டான். மிக்தாத் வெயிலுக்குப் பயந்து முற்றத்தில் ஓடி, ஹால் வாசலில் செருப்பைக் காலாலேயே உதறினான். ஒன்று குப்புற விழுந்தது, அடிப்பாகம் வானத்தைப் பார்த்து. சாசிப் காரிலிருந்தே கத்தினான்.

"டேய், செருப்பைத் திருப்பிப் போடுடா, பாவம் வந்து சேரும்."

"எங்கக்கா திருப்பி வைப்பா" என்றானாம் மிக்தாத், உள்ளே போய்க்கொண்டே. "அவ கண்ணுக்குத் தப்புமா?"

பிறகு இந்தப் படம். உம்மு கைதாவின் மகள் கூட்டத்தில் கைபேசியில் எடுத்தது. புகை, ஆட்கள், தண்ணீர். ஓர் ஓரத்தில் ஹால் வாசல். அதில் மிக்தாதின் செருப்புகள், இரண்டும் நிமிர்ந்து, பக்கத்தில் பக்கத்தில், போட்டுக்கொண்டு கிளம்பத் தோதாக முனை வெளியே பார்த்தபடி.

வந்த கூட்டத்தில் யாரோ திருப்பி வைத்திருப்பார்கள் என்று நான் சொல்லலாம். நீங்களும் நம்பக்கூடும், நீங்கள் இந்த நெய் டப்பாவையே நம்புகிறீர்கள். ஆனால் நெருப்பை அணைக்க ஓடுகிறவன் எவன் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பான்? நம் ஊரில் குப்புறக் கிடக்கும் செருப்பை யார் கண்டாலும் காலாலாவது ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிடுவார்கள். முனையை வெளியே பார்க்க வைப்பது என் பழக்கம். அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவனுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஆம். நான்தான் வைத்தேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வெளிக்கதவுச் சத்தம் கேட்டது. அவன் சீட்டியடித்துக்கொண்டு குளிர் அறைக்குள் போனான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். செருப்பு கடவுளைப் பார்த்துக் கிடந்தது. எடுத்து நேராக வைத்தேன். அப்படிக் கிடக்க எப்படி விடுவது? உள்ளேயிருந்து ரஃபல், "அக்கா, தாழ்ப்பாள்" என்றாள். எப்போதும் "போட்டுடுங்க" என்று முடிப்பாள். அன்று அதுகூட இல்லை. கதவை இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டேன். போர்வையை நனைத்து உருட்டி அடியில் வைத்தேன். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரலை உடனே எடுக்க வேண்டியிருந்தது. பழுப்பாக இருந்த இடம் கறுத்திருந்தது. கம்பிகள் சேருமிடத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு, எண்ணெயில் கடுகு போட்டதுபோல. அதற்கு மேல் அதிக நேரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே என் தகப்பனார் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

மெயின் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீங்கள் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஈரத் துணியைக் கூடையிலேயே விட்டால் நாற்றம் வரும்.

தட்டும் சத்தம் மாடிக்குக் கேட்டது. முதலில் மோதிரத்தால். வழக்கமான தட்டல்தான். கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டுத்தான் போய்த் திறப்பேன் என்று அவளுக்கே தெரியும். பிறகு முஷ்டியால், அது அவன். பிறகு "அக்கா" என்றான். ரொம்ப நாளாக அந்தச் சொல்லை அவன் தேநீருக்காக மட்டுமே பயன்படுத்திவந்தான். "அக்கா, தெற" என்றான். பல தடவை சொன்னான். அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சிரிக்கவில்லை, அது மட்டும் நிச்சயம். நான் அவனுடைய துறைமுகச் சட்டையைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தேன். தோளில் சுருக்கம் விழாமல் மாட்ட வேண்டும்.

சத்தம் நின்றபிறகு இறங்கினேன். தாழ்ப்பாள் சூடாக இருந்ததால் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். ஈரப் போர்வையை அப்புறப்படுத்தினேன். அதன் பிறகுதான் கத்தினேன். உங்கள் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டார். எழுதச் சொல்லுங்கள், இதைத்தானே கேட்டீர்கள்.

தம்பி எதற்கு, அவன் என்ன செய்தான் என்கிறீர்கள். நான் அவனை எதுவும் செய்யவில்லை, ஐயா. நான் கதவைச் சாத்தினேன், அவர்கள் சாத்தச் சொன்னார்கள். அவன் வெள்ளிக்கிழமை என்றான். அவள் ஒன்றும் ஆகாது என்றாள். ஒரு வீட்டை நடத்தத் தெரியாதவர்கள் கையில் வீடு இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

ஒரே ஒரு விஷயம் மட்டும் நான் எதிர்பார்க்காதது. பந்தலைப் பிரிக்கிற நாளன்று ஒரு வண்டிக்காரன் சந்துமுனையில் நின்று, "மிக்தாத் வீடு எது?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். வண்டியில் ஒரு புது ஏசி, பெட்டி பிரிக்காமல். சின்னது. "அக்கா ரூமுக்குன்னு முன்னாடியே சொல்லி வெச்சுட்டுப் போனாரு. அந்தம்மாவும் கூட வந்து, வெள்ளையே வேணும், அக்காவுக்குச் சத்தம் போடாததா வேணும்னு நின்னு பாத்து எடுத்தாங்க" என்றான். கூடுதல் ஆம்பியர் அதற்குத்தானாம். பெண்கள் மறுபடியும் அழ ஆரம்பித்தார்கள். உம்மு கைதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன், எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று. பழைய ஏசியோடு இதையும் அதே கம்பியில் மாட்டியிருப்பார்கள். அவர்களுக்கு அன்பு காட்டுவதில்கூட ஓர் ஒழுங்கு இருந்ததில்லை.

அதை என் அறையில் மாட்டியிருக்கிறேன். போர்டிலிருந்து தனிக் கம்பி, கனமானது. கம்பிக்கு ஏற்ற பிரேக்கர். முற்றத்து மண்ணில் தண்டு இறக்கி எர்த் கொடுத்திருக்கிறேன். வெளி யூனிட்டுக்கு நிழல் கட்டியிருக்கிறேன். கதவோரம் துண்டு செருகி வைக்கிறேன். என்னை இங்கே வைத்துக்கொள்வதானால் வெள்ளிக்கிழமைகளில் ஃபில்டர் கழுவ யாரையாவது அனுப்புங்கள், உங்கள் ஆட்கள் வேண்டாம்.

இதுவரை ஒரு தடவைகூட பிரேக்கர் விழவில்லை. சத்தமே இல்லை, நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். படுத்தால் உடனே தூக்கம் வந்துவிடுகிறது. மிக்தாத் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் வெக்கையில் கிடப்பதை அவனால் பார்த்துக்கொண்டிருக்கவே முடியாது.